ஏரியின் நலமும் மக்களின் நலமும்



உலகம் வெப்பமடைகிறது, கடல்மட்டம் உயர்கிறது, நீரும் காற்றும் மாசடைகின்றன என்று நாள்தோறும் செய்தித்தாள்களில் வாசிக்கிறோம். இவை எங்கோ, யாருக்கோ நடப்பவை என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. ஆனால் தமிழகத்தின் வடகோடியில், ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கும் ஆரம்பாக்கம் பகுதியின் மீனவக் குப்பங்களுக்கு இவை தூரத்துச் செய்திகள் அல்ல. அம்மக்களின் சோறு, தண்ணீர், உடல்நலம் எல்லாம் பழவேற்காடு ஏரியோடு பின்னிக் கிடக்கின்றன. ஏரி நலிந்தால் மக்களும் நலிவார்கள்.

ஏரி உயிர்வாழும் விதம்

ஒடிசாவின் சிலிக்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடுதான். ஆரணி ஆறும் காளங்கி ஆறும் இதற்கு நன்னீர் கொண்டுவருகின்றன. முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் உள்ளே ஏறி இறங்குகிறது. இறால் கடலில் முட்டையிடுகிறது. குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து வளர்ந்து, மீண்டும் கடலுக்குத் திரும்புகின்றன. மணல் சேர்ந்து முகத்துவாரம் அடைபட்டால் இந்த வரத்து தடைபடுகிறது. கோடையில் ஏரிநீரின் உப்பும் அளவு மீறிப் போகிறது.

பிடிப்பு குறைந்தால் வருமானம் மட்டுமா குறைகிறது? ஏழை வீட்டுப் பிள்ளைக்குச் சத்தான உணவு என்று கிடைப்பதே அந்த மீன்தான். அதுவும் குறைகிறது. கடன் ஏறுகிறது. இருக்கிற மீனுக்காகத் தமிழக, ஆந்திர மீனவர்களிடையே எல்லைத் தகராறு மூள்கிறது.

'பாடு' காக்க முடியாதது

பழவேற்காட்டு மீனவர்களிடம் தலைமுறை தலைமுறையாகப் 'பாடு' என்றொரு வழக்கம் உண்டு. யார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை போடலாம் என்று முறை வைத்துக்கொள்வார்கள். பேராசையைக் கட்டுப்படுத்த ஊர் கண்ட நல்ல ஏற்பாடு இது. இதில் பங்கில்லாதவர்களும் உண்டு. இருளர் பெண்கள் இடுப்பளவு நீரில் நின்று கைகளால் தடவியே இறால் பிடிக்கிறார்கள். நீர் கெட்டால் முதலில் தெரிவது அவர்கள் உடலில்தான்.

யார் வலை போடுவது என்பதைப் பாடு சொல்லும். நீரில் என்ன கலக்கிறது என்பதை அதனால் தடுக்க முடியாது. கேடு பெரும்பாலும் வெளியிலிருந்து வருகிறது. ஏரிக்குத் தெற்கே, பக்கிங்காம் கால்வாயால் இணைக்கப்பட்ட எண்ணூரில் நடந்ததைப் பாருங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து வந்த எண்ணெய், எண்ணூர் கழிமுகத்தில் பரவியது. படகுகளும் வலைகளும் பாழாயின. தோல் அரிப்பு, கண் எரிச்சல் என்று மக்கள் அவதிப்பட்டனர். அதே மாதம் 26-ஆம் நாள் இரவு, உரத்தொழிற்சாலை ஒன்றின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா வாயு கசிந்தது. மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினர். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர்.

தண்ணீரின் கதையும் இதுவே. சென்னையின் குடிநீருக்காகவும் பாசனத்திற்காகவும் மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்தோம். 1960-களின் இறுதியிலேயே அங்கே கடல்நீர் நிலத்தடியில் புகுந்தது கண்டறியப்பட்டது. கடல்மட்டம் உயர உயர இந்த ஆபத்து கூடும். வங்கதேசக் கடலோரப் பகுதியான டாகோப்பில் நடந்த ஆய்வுகள், உப்பு கூடிய நீரைக் குடித்த கர்ப்பிணிப் பெண்களிடம் உயர் இரத்த அழுத்தம் அதிகம் இருந்ததைக் காட்டின. நம் கடலோரத் தாய்மாருக்கும் இது ஓர் எச்சரிக்கை.

தாமதத்தின் விலை

ஜப்பானின் மினமாட்டா என்ற மீனவ ஊரில் 1956-இல் புதிய நரம்பு நோய் ஒன்று கண்டறியப்பட்டது. தொழிற்சாலைக் கழிவிலிருந்த பாதரசம் மீன்கள் வழியாக மக்களின் உடலில் சேர்ந்திருந்தது. இதை அரசு முறையாக ஏற்றுக்கொண்டது 1968-இல்தான். இடைப்பட்ட 12 ஆண்டுகளில் பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் அந்த மீனை உண்டு வாழ்ந்த எளியவர்களே.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' திருமடல், பூமியின் கூக்குரலையும் ஏழைகளின் கூக்குரலையும் சேர்த்தே கேட்கப் பணிக்கிறது. பாதுகாப்பான குடிநீர் அடிப்படை மனித உரிமை என்றும் அது வலியுறுத்துகிறது. எண்ணூர் அனல்மின் நிலையங்களின் மின்சாரத்தில்தான் நகரத்து வீடுகளிலும் ஆலயங்களிலும் விளக்கு எரிகிறது. அவற்றின் சாம்பலோ கழிமுகத்தில் படிகிறது. எனவே இது மீனவர் பிரச்சினை மட்டுமல்ல. பயன் நமக்கும் நோய் அவர்களுக்கும் என்றால், அது நீதியா?

நாம் செய்யக்கூடியவை

பெரிய காரியங்கள் நம் கையில் இல்லை என்று சோர்ந்துவிட வேண்டாம். நம் ஊர் ஆழ்குழாய்க் கிணற்று நீரைத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துச் சோதிக்கலாம். அந்த முடிவை மார்ச் 22 உலக நீர் நாள் கிராம சபையில் வைத்துப் பேசலாம். கிழிந்த நைலான் வலைகளை ஏரியில் வீசாமல் கரையில் சேர்க்கலாம்.

பெருந்திட்டங்களுக்கு 2006-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். அதற்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். அறிக்கையின் சுருக்கம் உள்ளூர் மொழியிலும் தரப்பட வேண்டும். அத்தகைய அறிவிப்பு வரும்போது, பங்கில் உள்ள படித்த இளைஞர்கள் அந்தச் சுருக்கத்தை வாசித்து, குப்பத்துப் பெரியவர்களுக்கும் இருளர் குடும்பங்களுக்கும் விளக்கிச் சொல்லலாம். கூட்டத்திற்கு அவர்களோடு சேர்ந்தே போகலாம். பிறரன்புப் பணி என்றால் நோயுற்றவரைப் பார்க்கப் போவது மட்டுமல்ல, நோய் வரும் வழியை அடைப்பதும்தான்.