முதல் மோட்டார் சைக்கிள்: பின்னுக்குத் தள்ளிப் பார்த்தீர்களா?

மட்டாஞ்சேரி பஜார் சாலையில் முற்பகல் வேளையில் வண்டி ஓட்டியவர்களுக்கு ஒன்று விளங்கும். அங்கே வேகத்துக்கு வேலை இல்லை. கிடங்கு வாசலில் மூட்டை இறக்கும் லாரிகளுக்கும் யூதத் தெருவுக்கு வழி கேட்டு நிற்கும் சுற்றுலாப் பயணிகளுக்கும் இடையே, ஒரு காலை ஊன்றி, கிளட்சைப் பாதி பிடித்தபடி நகர வேண்டும். எதிரே லாரி வந்துவிட்டால் வண்டியைப் பின்னுக்குத் தள்ளவும் நேரும். முதன்முறையாக மோட்டார் சைக்கிள் வாங்குவோர் மைலேஜையும் சி.சி.யையும் தவறாமல் விசாரிக்கின்றனர். இந்தத் தள்ளுதலைப் பற்றி எவரும் கேட்பதில்லை.

சென்ற மழைக்காலத்தில், புதிதாக வேலையில் சேர்ந்த பெண் ஒருவர் தம் தாயாருடன் எங்கள் கிளைக்கு வந்தார். தோப்பும்படி பாலம் கடந்து நாள்தோறும் எறணாகுளம் சென்றுவர 350 சி.சி. வண்டி வாங்க வேண்டும். 2 இலட்சம் ரூபாய் கடன், ஐந்தாண்டுத் தவணை. தாயார் கேட்டது ஒன்றே: "சாய்ந்துவிட்டால் இவளே தூக்கி நிறுத்திவிடுவாளா, சார்?"

எந்த வண்டி என்று முடிவு செய்வது வங்கியின் வேலை அன்று. ஆயினும் அக்கேள்வி சரியான கேள்வி. டி.வி.எஸ். ரைடர் 125-இன் இருக்கை உயரம் 780 மி.மீ.; ராயல் என்ஃபீல்டு ஹண்டர் 350-க்கு 790 மி.மீ. உட்கார்ந்து பார்த்தால் வேறுபாடே தெரியாது. எடையோ முன்னதற்கு 123 கிலோ, பின்னதற்கு 181 கிலோ. ஓர் அரிசி மூட்டைக்கும் மேலான இந்த வேறுபாடு, ஓடும்போது மறைந்திருந்து, நிற்கும்போதும் திருப்பும்போதும் வெளிப்படுகிறது. எனவே காட்சியறையில் எஞ்சினை அணைத்துவிட்டு, அன்றாடம் அணியும் காலணியுடன் அமர்ந்து, பத்தடி பின்னுக்குத் தள்ளிப் பார்க்குமாறு சொல்லி அனுப்பினேன். மறுவாரம் அவர்கள் கொண்டுவந்தது 125 சி.சி. வண்டிக்கான விலைப்புள்ளி.

சிறிய வண்டியில் இன்பம் இல்லை என்பாரை என் தலைமுறையினர் ஒப்பமாட்டோம். 1985-இல் வந்த யமஹா ஆர்.எக்ஸ். 100-இன் எஞ்சின் வெறும் 98 சி.சி.; திறன் ஏறத்தாழ 11 குதிரைத்திறன். இன்றைய ரைடரின் திறனும் ஏறத்தாழ அவ்வளவே. வண்டியின் முழு ஆற்றலையும் அச்சமின்றிப் பயன்படுத்த முடிவதில்தான் புதியவருக்கு மகிழ்ச்சி இருக்கிறது. கேரளத்தில் நெடுங்காலம் ஓட்டுநர் தேர்வில் 'எட்டு' போட உதவிய பஜாஜ் எம்80-க்கு 2024-இல் விடை கொடுத்துவிட்டார்கள். இப்போது காலால் கியர் மாற்றும் வண்டியிலேயே தேர்வு. அதே அளவு வண்டியில் முதல் மழைக்காலத்தையும் கழிப்பது நல்லது.

மழை என்றதும் பிரேக் நினைவுக்கு வருகிறது. 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்கு ஏ.பி.எஸ். கட்டாயமாயிற்று, அதற்கு உட்பட்டவற்றுக்கு இரு பிரேக்குகளையும் இணைக்கும் சி.பி.எஸ். போதும் என்றனர். கொச்சியின் ஈரச் சாலைகளுக்கு, கையிருப்பு இடம் தந்தால், ஏ.பி.எஸ். உள்ள 150 அல்லது 160 சி.சி. வண்டியையும் பார்க்கலாம்.

இனி கணக்கு. வட்டி 11 விழுக்காடு எனக் கொள்வோம். 1 இலட்சம் ரூபாயை 36 மாதங்களில் அடைத்தால் தவணை ஏறத்தாழ 3,274 ரூபாய். மொத்த வட்டி 17,900 ரூபாய்க்குள் அடங்கும். 2 இலட்சத்தை 60 மாதங்களில் அடைத்தால் தவணை சுமார் 4,350. வட்டியோ 60,900 ரூபாயை எட்டும். தவணைகளுக்கிடையே ஆயிரத்துச் சொச்சமே வேறுபாடு என்று பலர் ஏமாறுவது இங்கேதான். தரமான தலைக்கவசம், மழையுடை, ஐந்தாண்டு மூன்றாம் நபர் காப்பீடு ஆகியவற்றையும் சேர்த்தே முன்பணத்தைத் திட்டமிடுக.

கடன் முடிந்ததும் வங்கியிடம் தடையின்மைச் சான்றும் படிவம் 35-உம் பெற்று, பதிவுச் சான்றிலுள்ள கடன் குறிப்பை நீக்கிக்கொள்ள மறவாதீர்கள். மூன்றாண்டு பழகிய கையோடு பெரிய வண்டிக்கு மாற விரும்பும்போது, பழைய வண்டியை விற்க அந்தத் தாள்கள் வேண்டும்.