சந்தா கட்டிக் கேட்ட வானொலி



2000-இல் ஏவப்பட்ட ஆசியாஸ்டார் செயற்கைக்கோள் வழியே, ஆண்டுச் சந்தாவுக்கு வானொலி தந்தது வேர்ல்டுஸ்பேஸ் நிறுவனம். அதில் தமிழுக்குக் கே.எல். ரேடியோ என்ற அலைவரிசை. விருதுநகரிலிருந்து பார்த்தால் அந்தச் செயற்கைக்கோள் கிழக்கு வானில். ரிசீவரின் ஆண்டெனாவை அந்தப் பக்கம் திருப்பினால் இரைச்சலில்லாத டிஜிட்டல் ஒலி. சுவரோ மரமோ மறைத்தால் ஒலியே நின்றுவிடும். 2009 டிசம்பர் 31-உடன் இந்தியச் சேவை முடிந்தது, ரிசீவர்கள் ஊமையாயின.

இன்று டிடி ஃப்ரீ டிஷ் என்ற டிவி சேவை வழியே ஆகாசவாணி நிலையங்களை மாதச் சந்தா இல்லாமல் கேட்கலாம். மழைக்காலத்தில் வேலை குறையும் சிவகாசிப் பட்டாசுத் தொழிலாளர் குடும்பங்களுக்கு இது பெரிய உதவி. டிவியோடு நல்ல ஸ்பீக்கரை இணைத்தால் ஒலி இன்னும் தெளியும்.

எதற்கும் ஆண்டுச் சந்தா கட்டுமுன், சேவை நின்றால் பணம் திரும்புமா என்று கேட்டுவிடுங்கள்.