கல்முனை செதுக்கும் கலையும் மலையோரக் கற்களும்

கல்லை உடைத்துக் கூரிய முனைகளையும் அலகுகளையும் ஆக்குதல், மனிதன் கற்ற கைத்தொழில்கள் அனைத்தினும் தொன்மையானது. 25 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்ட கற்கருவிகள் ஆப்பிரிக்காவிற் கிடைத்துள்ளன. உலோகங்கள் வழக்கிற்கு வந்தபின் மங்கிப்போன இக்கலையை இன்று பல நாடுகளில் ஆராய்ச்சியாளரும், ஓய்வுநேர முயற்சியாகப் பிறரும் மீண்டும் பயின்று வருகின்றனர். அவர்கள் பெரிதும் விரும்பும் பொருள் அப்சிடியன் எனப்படும் எரிமலைக் கண்ணாடியாகும். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில் வாழ்வோர் இதனைக் கற்க விரும்பினால் எவ்வாறு தொடங்கலாம் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

சிலிக்கா மிகுந்த எரிமலைக் குழம்பு, படிகங்கள் உருவாக நேரமின்றி விரைந்து குளிருங்கால் அப்சிடியன் தோன்றுகிறது. படிக அமைப்பு இல்லாமையால் அது எத்திசையிலும் ஒரே சீராக உடையும். அதன் விளிம்பின் தடிப்பு, ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறுகளாக்கினால் அவற்றுள் சில கூறுகளே ஆகும். ஆயினும் காலப்போக்கில் நீரை உறிஞ்சியும் சிறிது சிறிதாகப் படிகமாகியும் இக்கண்ணாடி தன் இயல்பை இழந்துவிடும். ஆகவே, புவியியல் நோக்கில் இளமையான எரிமலைப் பிரதேசங்களிலேயே அது மிகுதியாகக் காணப்படுகிறது. ஆனைமலையும் ஏலமலையும் பல கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தின் ஆழத்தில் உருவான சார்னோக்கைட், நைஸ் முதலிய பாறைகளால் ஆனவை. அங்கு அப்சிடியனைத் தேடுதல் வீண் முயற்சியாகும்.

இக்குறையை நிரப்ப எளிய வழி உண்டு. சாதாரணப் பாட்டில் கண்ணாடியிலும் ஏறத்தாழ 70 சதவீதம் சிலிக்காவே. உடையும் விதத்தில் அஃது அப்சிடியனை மிகவும் ஒத்தது. 19 ஆம் நூற்றாண்டில் அந்தமான் பழங்குடியினர் பாட்டில் கண்ணாடியிலிருந்து சில்லுகளைப் பெயர்த்து, மயிர் மழிக்கவும் உடலில் கீறல் அணி செய்யவும் பயன்படுத்தினர். தடித்த பாட்டிலின் அடிப்பாகமே தொடக்கப் பயிற்சிக்கு ஏற்றது. வெப்பமூட்டி உறுதி செய்யப்பட்ட வாகனக் கண்ணாடி சிறு மணிகளாக நொறுங்கிவிடுமாதலின் இதற்கு உதவாது.

இக்கலையின் பௌதிகத் தத்துவம் எளியது. இத்தகைய பொருளின் மீது ஓரிடத்தில் அடி விழுந்தால், விசை கூம்பு வடிவில் உட்பரவும். விளிம்பின் கோணம் 90 பாகைக்குக் குறைவாயிருப்பின், அக்கூம்பின் ஒரு பகுதி சில்லாகப் பெயரும். அடிபட்ட இடத்தருகே சிறு புடைப்பும், அதிலிருந்து சிப்பியின் மேற்புறம் போன்ற அலைவரிகளும் அச்சில்லில் தோன்றும்.

முனை செய்வதற்கு அழுத்தும் முறை ஏற்றது. மரப்பிடியிற் செருகிய தடித்த செப்புக் கம்பியே கருவி. பிற நாட்டு நூல்கள் மான்கொம்பைக் கூறுமாயினும், 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதனை அனுமதியின்றி வைத்திருத்தல் குற்றமாகும். முதலில் கண்ணாடித் துண்டின் விளிம்பைச் சொரசொரப்பான கல்லால் தேய்த்து வலுவாக்க வேண்டும். பின்னர் அதனைத் தடித்த தோல்மீது உள்ளங்கையிற் பிடித்து, செப்பு முனையை விளிம்பில் ஊன்றி, முதலில் உள்நோக்கியும் இறுதியிற் சற்றுக் கீழ்நோக்கியும் அழுத்துக. சில்லு அடிப்புறத்தினின்று பெயரும். இவ்வாறு இருபுறமும் மாறிமாறிச் செய்துவரத் துண்டு மெல்லியதாகி முக்கோண வடிவம் பெறும்.

கண்ணுக்குக் காப்புக் கண்ணாடியும், கைக்குத் தோலுறையும், மூக்கை மூடும் முகக்கவசமும் இன்றியமையாதவை. திறந்த வெளியிலேயே பணிபுரிதல் வேண்டும். சிந்திய தூளை உலர்ந்த துடைப்பத்தாற் பெருக்காது ஈரத்துணியால் ஒற்றியெடுக்க வேண்டும். படிகச் சிலிக்காத் தூள் நுரையீரலிற் படிந்தால் சிலிக்கோசிஸ் என்னும் தீராத நோய் உண்டாகும். குஜராத்தின் கம்பாத் நகரில் அகேட் கல்லைத் தீட்டும் தொழிலாளர் பலர் இந்நோய்க்கு ஆளாகியுள்ளனர்.

கண்ணாடியிற் கைதேர்ந்தவர் அடுத்து வெங்கச்சங்கல் எனப்படும் குவார்ட்ஸை முயலலாம். உள்வெடிப்புகள் மிகுந்த இக்கல் எதிர்பாராத திசைகளிற் பிளக்கும். ஆதலின் இதனை ஓர் அடைகல்லின்மீது நிறுத்தி மேலிருந்து தட்டிப் பிளப்பதே பழைய முறைகளுள் ஒன்று. இங்குத்தான் இம்முயற்சி வெறும் பொழுதுபோக்கென்னும் நிலையைக் கடக்கிறது. 1863 மே 30 இல் ராபர்ட் புரூஸ் பூட் சென்னைக்கருகே பல்லாவரத்திற் கண்ட கைக்கோடரி, குவார்ட்சைட் என்னும் வேறொரு கல்லாலானது. அக்கல் அரிதான கேரளத்தில் பழைய கற்கால மக்கள் வாழ்ந்திலர் என்ற கருத்து நெடுங்காலம் நிலவியது. 1970களில் பி. ராஜேந்திரன் பாலக்காட்டுப் பகுதியில் நடத்திய ஆய்வுகளில் குவார்ட்ஸ் கருவிகள் வெளிப்பட்டபின்னரே அக்கருத்து மாறலாயிற்று. இயற்கையில் நொறுங்கிய குவார்ட்ஸையும் மனிதன் உடைத்த குவார்ட்ஸையும் வேறுபடுத்துதல் கடினம். தன் கையால் நூறு கல்லை உடைத்துப் பார்த்தவனின் கண்ணுக்கு அவ்வேறுபாடு எளிதிற் புலப்படும்.

இக்காரணம் பற்றியே ஒரு கடமையும் எழுகிறது. இன்று உடைத்த குவார்ட்ஸ் சில்லு, பல்லாயிரம் ஆண்டுப் பழமையுடைய சில்லிலிருந்து உருவத்தால் வேறுபடுவதில்லை. அதனை மறையூரின் கற்றிட்டைகள் போன்ற தொல்லிடங்களின் அருகே சிதறவிட்டால், வருங்கால ஆராய்ச்சியாளர் பொய்ச் சான்றைப் படிக்க நேரிடும். ஆகவே கழிவு முழுவதையும் ஒரு விரிப்பின்மீது சேகரித்து, ஒரே குழியில் இட்டு, ஆண்டு பொறித்த நாணயம் ஒன்றையும் உடன் புதைத்தல் நலம். செய்துமுடித்த முனைகளில் அழியாத மையால் ஆண்டைக் குறித்தல் வேண்டும். காப்புக் காடுகளிலிருந்தும் சின்னாறு போன்ற சரணாலயங்களிலிருந்தும் கல் எடுத்தல் ஆகாது. பழைய கருவி எனத் தோன்றும் கல் எதிர்ப்படின், அதனை உடைத்துப் பாராமலும் இடம் பெயர்க்காமலும், கிடந்த நிலையிலேயே படமெடுத்துத் தொல்லியல் துறைக்கு அறிவித்தல் தகும். கல் கிடந்த இடமும் அதன் மண்ணடுக்குமே அதன் காலத்தைக் கூறும். இடம் பெயர்ந்த கல் அச்சான்றை இழந்துவிடும்.