திருமலைச் சுவரில் ஒரு தேதி

திருமலைக் கோயிலின் வரலாற்றை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளும் தெலுங்கு மாணவர் முதலில் தமிழ் எழுத்து பழக வேண்டியிருக்கிறது. மலைமேலும் கீழ்த் திருப்பதியிலும் திருச்சானூரிலுமாகக் கிடைத்த கல்வெட்டுகள் ஆயிரத்துக்கு மேல். அவற்றில் மிகப் பெரும்பாலானவை தமிழில் இருக்கின்றன. விஜயநகர மன்னர்கள் ஆண்ட காலத்திலும் கோயில் கணக்கு தமிழிலேயே ஓடியது. தமிழ் மாணவர் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். ஆனால் சுவர் முன் நிறுத்தினால் அவரும் திணறத்தான் செய்வார்.

எம்.ஏ. வரலாறு என்றால் மன்னர் பட்டியலை உருப்போடுவது என்று பலர் நினைக்கிறார்கள். கல்வெட்டைக் கையில் எடுத்தவரின் நாள் பெரும்பாலும் கூட்டல் கழித்தலில் போகிறது. திருப்பதியில் வேங்கடேசுவரா பல்கலைக்கழகம் 1954இல்தான் பிறந்தது. அதற்கு முன்பே, 1930களில், சாது சுப்பிரமணிய சாஸ்திரியையும் விஜயராகவாச்சாரியாரையும் கொண்டு, கோயிலை நிர்வகிக்கும் தேவஸ்தானம் இந்தக் கல்வெட்டுகளைத் தொகுதி தொகுதியாக அச்சிடத் தொடங்கிவிட்டது. ஆகவே மாணவர் நூலகத்தில் உட்கார்ந்தே வேலையைத் தொடங்கலாம். இருந்தாலும் கல்லிலிருந்து எழுத்து தாளுக்கு எப்படி வந்தது என்று தெரியாமல் அச்சை நம்பக் கூடாது.

அந்த வித்தைக்கு மைப்படி என்று பெயர்; கல்வெட்டைத் தாளில் ஒற்றி எடுக்கும் பிரதி. சுவரைத் தேய்த்துக் கழுவி, ஈரத் தாளை ஒட்டி, கெட்டியான தூரிகையால் தட்டுவார்கள். தாள் எழுத்தின் பள்ளத்துக்குள் இறங்கிவிடும். சற்று உலர்ந்ததும் மை தோய்த்த பஞ்சுப் பொதியை மேலே மெல்ல ஒற்றுவார்கள். மேடு கறுக்கும், பள்ளம் வெள்ளையாகவே நிற்கும். மை தாளின் வெளிப்பக்கத்தில் விழுவதால் எழுத்து இடம் வலம் மாறாமல் நேராக வாசிக்க வருகிறது, கல்லிலும் கறை படிவதில்லை. மின்சாரமும் வேண்டாம், கேமராவும் வேண்டாம். வெறும் கண்ணுக்குத் தெரியாமல் தேய்ந்துபோன கீறலைக்கூட இந்தத் தாள் காட்டிக்கொடுத்துவிடும்.

படி எடுத்தாயிற்று, வாசிக்கலாம் என்றால் அடுத்த பூட்டு. சொற்களுக்கு நடுவே இடைவெளி கிடையாது. மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் வைப்பதில்லை. எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் ஒரே கொம்பு. போதாக்குறைக்குத் துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். கொம்பு, ககரம், கால் என்று கல்லில் மூன்று வடிவம் வரிசையாக நின்றால் அதை கொ, கோ, கெர, கெர், கேர, கேர் என ஆறு விதமாக வாசிக்கலாம். எது சரி என்பதை முன்னும் பின்னும் உள்ள சொற்கள்தான் சொல்ல வேண்டும். வடசொல் வந்தால் கிரந்த எழுத்து குறுக்கிடும். நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, வருஷத்துக்கு ௵ என்று சுருக்கக் குறிகள் வேறு.

இவ்வளவையும் தாண்டித் தேதிக்கு வந்தால்தான் உண்மையான விளையாட்டு. விஜயநகர மன்னர் கிருஷ்ணதேவராயர் திருமலைக்கு முதன்முறை வந்தது சக ஆண்டு 1434, ஆங்கிரச வருஷம். சக ஆண்டோடு 78 கூட்டினால் 1512 வரும். ஆனால் அந்த ஆங்கிரச 1512 மார்ச்சில் பிறந்து 1513 மார்ச் வரை ஓடியது. அவர் வந்ததோ அதன் கடைசிப் பகுதியில். எனவே 79 கூட்ட வேண்டும்: 1513 பிப்ரவரி 10. வருஷப் பெயர் ஒரு காவல். ஆங்கிரச அறுபது ஆண்டுக்கு ஒருமுறைதான் திரும்பும். 1509 முதல் 1529 வரை ஆண்ட மன்னருக்கு ஒரே ஒரு ஆங்கிரசதான் வாய்க்கும். இன்னொரு சங்கதி: அது பழைய ஜூலியன் நாட்காட்டித் தேதி. இன்றைய நாட்காட்டிக்கு மாற்றினால் பிப்ரவரி 20 ஆகிவிடும்.

பல கல்வெட்டுகள் இன்னும் தாராளம். மாதம், பட்சம், திதி, கிழமை, நட்சத்திரம் என்று அடுக்கிக்கொண்டே போகின்றன. பக்திப் பகட்டு என்று தோன்றலாம். எனக்கோ அது ஆதார் எண்ணின் கடைசி இலக்கம் போலத் தெரிகிறது: மற்ற இலக்கங்களில் பிழை நுழைந்தால் அது காட்டிக்கொடுக்கும். சூரியன் எந்த ராசியில் நிற்கிறது என்பதைத் தமிழ் மாதம் சொல்லிவிடும். சூரியனிலிருந்து சந்திரன் எவ்வளவு விலகியிருக்கிறது என்பது திதி. சந்திரன் வானில் நிற்கும் இடம் நட்சத்திரம். மூன்றில் இரண்டு தெரிந்தால் மூன்றாவது தானே வந்துவிடும். ஆவணிப் பௌர்ணமி என்றால் அவிட்டத்தை ஒட்டித்தான் நட்சத்திரம் இருக்க முடியும். ஆவணியில் ரோகிணி என்றால் கோகுலாஷ்டமி, தேய்பிறையின் எட்டாம் நாள் பக்கம். 'ஆவணிப் பௌர்ணமி ரோகிணி' என்று ஒரு வாசிப்பு வந்தால், கல் வெட்டியவரோ படித்தவரோ சறுக்கியிருக்கிறார். கிழமை தனிக்காட்டு ராஜா. அது சூரியனையும் கேட்பதில்லை, சந்திரனையும் கேட்பதில்லை. அதனாலேயே அது சுதந்திரமான சாட்சி.

இந்தக் கணக்கைச் சென்னையில் ஒரு தமிழர் உலகத்துக்கே போட்டு வைத்துவிட்டார். எல். டி. சுவாமிக்கண்ணு பிள்ளை 1922இல் வெளியிட்ட பஞ்சாங்கத் தொகுதிகள் கி.பி. 700 முதல் 1799 வரை ஒவ்வொரு நாளுக்கும் திதியும் நட்சத்திரமும் தருகின்றன. சுமார் நான்கு லட்சம் நாள்கள், கணினி இல்லாத காலத்தில்! தென்னிந்தியக் கல்வெட்டுத் தேதி சரிபார்ப்பவர் இன்றும் அவர் தோளில்தான் ஏறி நிற்கிறார்.

காவல்கள் இல்லாதபோது என்ன ஆகும் என்பதற்கும் திருமலையிலேயே உதாரணம் உண்டு. சாமவை என்ற பல்லவ அரசி வெள்ளித் திருமேனி செய்து கொடுத்த கல்வெட்டில் சக ஆண்டு இல்லை; மன்னனின் ஆட்சியாண்டு மட்டுமே. அந்த மன்னன் யார் என்பதில் கருத்து பிரிந்ததால் கி.பி. 614 என்றும் 966 என்றும் இரண்டு ஆண்டுகள் இன்றுவரை புழங்குகின்றன. இடைவெளி 352 ஆண்டு! எழுத்தின் வடிவத்தை வைத்துத் தீர்த்துவிடலாமே என்றால் அதிலும் கண்ணி. 13ஆம் நூற்றாண்டில் சன்னிதிச் சுவரைப் புதுப்பித்தபோது பழைய கல்வெட்டுகளை மறுபடி வெட்டினார்கள். அப்படி வெட்டியதில் வாசகம் ஒரு காலம், எழுத்து வேறு காலம்.

தேதி உறுதியானால் கல்வெட்டுகளை வரிசையாக அடுக்கலாம். அடுக்கினால் தனித்தனியாகப் பார்த்தபோது தெரியாத பொருளாதாரம் எழுந்து நிற்கிறது. பக்தர் கோயில் பண்டாரத்தில் பணம் கட்டுவார். அதைக் கோயில் பெட்டியில் பூட்டி வைப்பதில்லை. கோயில் கிராமங்களில் ஏரி தோண்டவும் கால்வாய் வெட்டவும் செலவிடும். நீர் வந்ததும் விளைச்சல் கூடும். கூடிய நெல்லிலிருந்து அந்த பக்தர் பெயரில் நாள்தோறும் படையல். பர்ட்டன் ஸ்டைன் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் இந்தச் சுழற்சியைத் திருப்பதிக் கல்வெட்டுகளிலிருந்து கட்டிக் காட்டி 1960இல் கட்டுரை எழுதினார். வறண்ட சித்தூர்ச் சீமையில் நீர்ப்பாசன வங்கியாக ஒரு கோயில் இயங்கியிருக்கிறது.

படைத்த பிரசாதத்திலும் கணக்கு உண்டு. நான்கில் ஒரு பங்கு, பணம் கட்டிக் கட்டளை வைத்தவருக்கு. கல்வெட்டுகள் அதை விட்டவன் விழுக்காடு என்கின்றன. அரிசிக்கு மரக்கால், நெய்க்கு நாழி, உழக்கு, ஆழாக்கு என்று அளவுகள் பிசகாமல் வெட்டப்பட்டிருக்கின்றன. ஒரு கட்டளைக்கு எத்தனை பேர் சாப்பிட்டிருப்பார்கள் என்று மாணவர் இன்றும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 15ஆம் நூற்றாண்டில் விஜயநகரத்துச் சாளுவ நரசிம்மர் போன்றவர்கள் அந்தக் காற்பங்கை வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. கந்தாடை ராமானுஜ ஐயங்கார் நடத்திய ராமானுஜகூடம் என்ற சத்திரத்துக்கு எழுதி வைத்தார்கள். மலையேறி வந்த யாத்திரிகர்களின் இலையில் அந்தச் சோறு விழுந்தது.