மெய்யா, பொய்யா? என் வாளில் இருக்கும் ஐந்து எழுத்து

இன்னைக்கு எபிசோடு முழுக்க அஞ்சு எழுத்தைப் பத்தித்தான். ஒரு பழைய ஜப்பானிய வாளோட அடியில உளியால வெட்டின அஞ்சு எழுத்து. அதை நம்பி ஆறு லட்சம் யென் கொடுத்தேன். நம்பினது தப்புன்னு ஆயிடுச்சு. இப்போ அந்த எழுத்தை அழிச்சிடலாமா, அப்படியே விட்டுடலாமான்னு ஒரு வருஷமா யோசிச்சிட்டு இருக்கேன்.

நான் டோக்கியோவுல வேலை பார்க்கறது ரெகுலரா கேக்கறவங்களுக்குத் தெரியும். இங்க பழைய வாள் வாங்கறது நீங்க நினைக்கற அளவுக்கு மர்மமான விஷயம் இல்ல. கடை இருக்கு, விலைச் சீட்டு இருக்கு. ஒவ்வொரு வாளோடயும் ஒரு பதிவு அட்டை வரும். அதைக் கொடுக்கறது போலீஸ் இல்ல, கல்வி வாரியம்! கலைப்பொருள்ங்கற கணக்குலதான் வாளை வெச்சுக்க அனுமதி. அந்த அட்டையில நீளம், வளைவு, என்ன கையெழுத்து இருக்குங்கறது எல்லாம் எழுதியிருக்கும். புதுசா வாங்கறவங்க சறுக்கற முதல் இடம் அதுதான். வாள்ல என்ன வெட்டியிருக்கோ அதை அப்படியே அட்டையில எழுதுவாங்க. அது நிஜம்னு அந்த அட்டை சொல்லவே இல்ல.

நான் சறுக்கினேன். ரசீதுலயும் ‘கையெழுத்துக்கு உத்தரவாதம் கிடையாது’ன்னு ஒரு வரி இருந்திருக்கு. வாள்ல இருந்த அஞ்சு எழுத்தை ராத்திரி பகலா உட்கார்ந்து படிச்சவன், ரசீதைப் படிக்கல. கடைக்காரரைக் குத்தம் சொல்ல முடியாது.

சரி, அந்தக் கையெழுத்து எங்க இருக்கும்? வெளிய தெரியற பகுதியில இருக்காது. கைப்பிடியில ஒரு சின்ன மூங்கில் ஆணி இருக்கும். அதைத் தட்டி எடுத்துட்டுப் பிடியைக் கழட்டினா, உள்ள மறைஞ்சிருக்கற அடிப்பகுதி வரும். அதுக்குப் பேரு நகாகோ. வாளோட மத்த பகுதி கண்ணாடி மாதிரி மின்னும். நகாகோ மட்டும் கருத்து, துருவேறி இருக்கும். அதை யாரும் தேய்க்கக் கூடாது. அந்தத் துருதான் வாளோட வயசுச் சான்று. பளபளன்னு இருக்கட்டுமேன்னு துருவைத் தேய்ச்சு எடுத்து, ஒரு நல்ல வாளோட மதிப்பை ஒரே மதியத்துல காலி பண்ணவங்க உலகம் பூரா இருக்காங்க.

அங்க வெட்டியிருக்கற கையெழுத்துக்கு ஜப்பானிய மொழியில ‘மெய்’னு பேரு. பேசும்போது கிட்டத்தட்ட ‘மே’ன்னு நீட்டுவாங்க. ஆனா எழுத்துக் கூட்டிப் படிச்சா மெய்தான். போலிக் கையெழுத்துக்குப் பேரு ‘கிமெய்’. முதல் தடவை கேட்டப்போ எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. மெய்னு பேரு வெச்சிருக்கற ஒண்ணை மெய்யா பொய்யான்னு பார்க்கறதுதான் இந்த மொத்தப் பொழுதுபோக்கும்.

என் வாள்ல இருக்கறது ‘ஹிசென் நோ குனி தடாயோஷி’. மேல இருந்து கீழ படிக்கணும். முதல் ரெண்டு எழுத்து ஹிசென், ஊர் பேரு மாதிரி. மூணாவது எழுத்து ஒரு பெட்டி, அதுக்குள்ள சில கோடுகள்; நாடு, மாகாணம்னு அர்த்தம். கடைசி ரெண்டும் ஆள் பேரு. ‘தடா’ங்கற எழுத்துல மேல ‘நடு’, கீழ ‘இதயம்’. ‘யோஷி’ல மேல ‘வீரன்’, கீழ ‘வாய்’. இந்த வடிவங்களை மனசுல வெச்சுக்கிட்டா, துருவுக்கு நடுவுலயும் கண்டுபிடிச்சிடலாம். நிறைய கையெழுத்துகள் இதே அமைப்புதான்: முதல்ல இடம், அப்புறம் ஆள். சிலதுல நடுவுல ஒரு கௌரவப் பட்டம் வரும். மறுபக்கத்துல தேதி இருந்தா, பெரும்பாலும் ரெண்டாம் மாசம் இல்லன்னா எட்டாம் மாசம்தான். வருஷம் பூரா அந்த ரெண்டு மாசம் மட்டுமா பட்டறை நடந்தது? அது ஒரு வழக்கம். டைரிக் குறிப்பு மாதிரி எடுத்துக்கக் கூடாது.

யார் இந்த தடாயோஷி? இன்றைய சாகா பகுதியை ஆண்ட நபேஷிமா குடும்பத்துக்கு வேலை செய்த கொல்லர். 1596-ல் கியோட்டோவுக்குப் போய் உமெடடா மியோஜு என்பவரிடம் தொழில் கற்று, 1598-ல் ஊர் திரும்பினார். 1624-ல் பட்டம் கிடைத்ததும் பெயரையே தடாஹிரோ என்று மாற்றிக்கொண்டார். 1632-ல் இறந்தார். அதோட முடிஞ்சுதா? இல்ல. பேரன் தடாயோஷிங்கற பேரை எடுத்துக்கிட்டார், அப்படியே 19-ம் நூற்றாண்டு வரைக்கும் அந்தப் பேர் தலைமுறை தலைமுறையா வந்தது. அதனால பேரைப் படிச்சிட்டா வேலை முடியல. எந்த தடாயோஷிங்கறதுதான் கேள்வி. அதுக்கப்புறம், தடாயோஷியேதானாங்கறது இன்னொரு கேள்வி.

போலி எதுக்குப் போட்டாங்கன்னா, காசுக்குத்தான். எடோ காலத்துல பிரபுக்கள் ஒருத்தருக்கொருத்தர் வாள் பரிசு கொடுத்துப்பாங்க. பெரிய பேருக்கு எப்பவும் கிராக்கி. கொடெட்சுன்னு 17-ம் நூற்றாண்டுல ஒரு கொல்லர், முதல்ல கவசம் செஞ்சுட்டு இருந்தவர். அவர் பேர்ல அவ்வளவு போலி. கொடெட்சுன்னு எழுதியிருந்தா முதல்ல போலின்னு நினைச்சுக்கோன்னு வாள் சேகரிக்கறவங்க சொல்லுவாங்க. இன்னொரு சிக்கலும் இருக்கு. குருவோட அனுமதியோட சிஷ்யனே குருவோட பேரை வெட்டறதும் உண்டு. உளியைப் பிடிச்சது குருவோட கை இல்ல, ஆனாலும் அது போலியும் இல்ல.

என் வாளுக்கு வரேன். வாளோட முனை மேல இருக்கற மாதிரி நேரா பிடிங்க. கடானா வகை வாளை இடுப்புல கூர் மேல பார்க்கறபடி செருகுவாங்க. உடம்புக்கு வெளிப்பக்கமா இருக்கற முகத்துலதான் கையெழுத்து. அதனால கையெழுத்தைப் பார்க்கும்போது கூர் உங்க இடது பக்கம் இருக்கும். அதுக்கு முந்தின காலத்து ‘தாச்சி’யைக் கூர் கீழ வர்ற மாதிரி தொங்கவிடுவாங்க, அதனால தலைகீழ்: கூர் வலது பக்கம். ஹிசென் கொல்லர்கள் மட்டும் ஒரு தனி ரகம். நீள வாள்லயும் பழைய தாச்சி மாதிரியே மறுபக்கத்துல கையெழுத்துப் போடறது அவங்க பழக்கம்.

என் வாள் நீளமானது. கையெழுத்தைப் பார்த்தா, கூர் இடது பக்கம் இருக்கு.

விதிவிலக்கு உண்டு. நானும் அந்த ஒரு வார்த்தையைத்தான் மாசக்கணக்கா பிடிச்சுத் தொங்கிட்டு இருந்தேன். அப்புறம் ஒரு டார்ச்சைச் சாய்வா பிடிச்சு, லென்ஸ்ல பார்த்தேன். உளி இறங்கும்போது உலோகம் ரெண்டு பக்கமும் லேசா வரப்பு மாதிரி எழும்பும். நானூறு வருஷத்துல அந்த வரப்பு மழுங்கியிருக்கணும். எழுத்தோட பள்ளத்துக்குள்ளயும் சுத்தியிருக்கற துருவேதான் இருக்கணும். என் வாள்ல வரப்பு விரல்ல உரசுது. பள்ளத்துக்குள்ள நிறம் வேற.

அப்போ மொத்த வாளும் குப்பையா? ஒரு வாள் ரசனைக் கூட்டத்துக்கு எடுத்துட்டுப் போனேன். இந்த மாதிரி கூட்டங்கள்ல நகாகோவை மூடி வெச்சுட்டுத்தான் வாளைக் கொடுப்பாங்க. இரும்பைப் பார்த்தே யார் செஞ்சதுன்னு சொல்லணும். அங்க ஒரு பெரியவர், எண்பது வயசு இருக்கும், என் வாளை வெளிச்சத்துல சாய்ச்சு சாய்ச்சு ரொம்ப நேரம் பார்த்தார். ‘கொனுகா’ன்னார். பொடித் தவிடுன்னு அர்த்தம். ஹிசென் வாள்களோட இரும்புப் பரப்பு தவிட்டை மெல்லிசா தூவின மாதிரி இருக்கும். நல்ல வாள், ஹிசென்தான்னு சொன்னார். அப்புறம் மூடியிருந்ததை எடுத்து எழுத்தைப் பார்த்தார். எதுவும் சொல்லல, லேசா தலையை ஆட்டிட்டுத் திருப்பிக் கொடுத்துட்டார். அந்த அமைதியிலயே எனக்குத் தெரிஞ்சுடுச்சு.

இருந்தாலும் பரிசோதனைக்கு அனுப்பினேன். 1948-ல் தொடங்கின ஜப்பானியக் கலை வாள் பாதுகாப்புச் சங்கம்தான் இங்க சான்றிதழ் கொடுக்கற முக்கியமான இடம். எனக்குச் சான்று கிடைக்கல. கையெழுத்துதான் காரணமா இருக்கும்னு பெரியவர் சொன்னார். கூடவே வழியும் சொன்னார்: ஒரு கைவினைஞர்கிட்ட கொடுத்துக் கையெழுத்தை எடுத்துடலாம். அப்புறம் கையெழுத்தே இல்லாத வாளா திருப்பி அனுப்பினா, ஹிசென் வாள்னு சான்று வர வாய்ப்பு அதிகம்.

கையெழுத்து இல்லாதது ஒரு குறையே இல்ல. பழைய நீள வாள்களைப் பின்னாடி அடியில வெட்டிக் குட்டையாக்கினப்போ, நிறைய நல்ல வாள்கள்ல கையெழுத்து அப்படியே போயிடுச்சு. பொய்யை எடுத்துட்டா உள்ள இருக்கற நல்ல வாளுக்கு மரியாதை கிடைக்கும். எனக்குப் போட்ட காசும் திரும்பி வரும். பொய் சொல்லி விக்க வேண்டிய அவசியமும் இருக்காது. இவ்வளவு நியாயமும் அழிக்கறது பக்கம்தான்.

ஆனா அரம் போட்டா போட்டதுதான். நிபுணர்களும் ஒருத்தர் போலின்னு சொல்றதை இன்னொருத்தர் நிஜம்னு சொல்றது உண்டு. என்கிட்ட இருக்கறது உறுதியா போலிதான்னு நானும் இப்போ நம்பறேன். ஆனா ஒரு வருஷம் முன்னாடி அது உறுதியா நிஜம்னு நம்பினதும் இதே ஆள்தானே. அதோட, எவனோ ஒருத்தன் ஒரு நல்ல வாளை எடுத்து, அது இன்னும் பெரிய ஆளோடதா இருக்கட்டும்னு உட்கார்ந்து உளி அடிச்சிருக்கான். அதுவும் இந்த வாளுக்கு நடந்ததுதான். அதைத் தேய்ச்சு எடுத்துட்டா, அடுத்து வாங்கறவருக்கு அப்படி ஒண்ணு நடந்ததே தெரியாது.

இப்போதைக்கு நான் செஞ்சது இதுதான். சான்று கிடைக்கலன்னும், கையெழுத்து எந்தப் பக்கம் இருக்கு, துரு எப்படி இருக்குன்னும், பெரியவர் இரும்பைப் பத்தி என்ன சொன்னார்ங்கறதையும் ஜப்பானிய மொழியில ஒரு தாள்ல எழுதி, பதிவு அட்டையோட சேர்த்து வெச்சிருக்கேன். பெரியவர்தான் அதுல எழுத்துப்பிழை திருத்திக் கொடுத்தார். நாலு பிழை. என் கையெழுத்தைப் பார்த்துட்டு, இதை யாரும் போலி பண்ண முடியாதுன்னார்.

அழிக்கலாமா வேண்டாமா, உங்க கருத்தை வாய்ஸ் மெசேஜா அனுப்புங்க. அடுத்த வாரம் பார்க்கலாம் மக்களே.