வெல்லப் பிறந்த வீரன்

கந்தசஷ்டியின் ஆறாம் நாள் மாலையில் நம் ஆலய வீதிகளிற் சூரன் போர் நிகழ்கின்றது. சூரன் யானைத் தலையோடு வருவான். சிங்கத் தலையோடு வருவான். ஈற்றில் மாமரமாய் நிற்பான். வேல் அவனைப் பிளக்கும். இம்முடிவை அறியாத குழந்தையும் அங்கில்லை. எனினும், ஆண்டுதோறும் நெரிசலில் நின்று பார்க்கின்றோம். முடிவு தெரிந்த போர் மனிதனுக்கு அலுப்பதில்லை.

திரையிலே தனி ஒருவன் பத்துப் பேரை வீழ்த்தும் சண்டைப் படங்களைக் கண்டு படித்தவர்கள் நகைப்பதுண்டு. யானும் நகைத்தவனே. ஆயின், என் மாணவன் ஒருவன் கேட்ட கேள்வி அந்நகைப்பை நிறுத்திற்று. “சேர், எங்கள் அப்பப்பா ‘எங்க வீட்டுப் பிள்ளை’ படத்தை எத்தனையோ தரம் பார்த்துவிட்டார். எம்.ஜி.ஆர். தான் வெல்லுவார் என்று தெரிந்தும் ஒவ்வொரு முறையும் கை தட்டுகிறாரே, ஏன்?” என்றான்.

1965 இல் வெளிவந்த அப்படத்தில் எம்.ஜி.ஆருக்கு இரட்டை வேடம். ஒருவன் இராமு, மைத்துனனின் சவுக்குக்கு அஞ்சி நடுங்கும் கோழை. மற்றவன் இளங்கோ, எவர்க்கும் அஞ்சாதவன். இருவர்க்கும் ஒரே முகம். ஆள் மாறுகின்றது, சவுக்கும் கை மாறுகின்றது. மைத்துனனாக நடித்த நம்பியார் அடி வாங்கும்போது கொட்டகை அதிர்ந்தது.

அம்முகவொற்றுமையிலேதான் இரகசியம் இருக்கின்றது. பார்ப்பவன் தன்னை இராமுவிற் காண்கின்றான். தான் ஆக விரும்பியதை இளங்கோவிற் காண்கின்றான். அம்மாணவனின் அப்பப்பா ஒரு கடையில் முப்பது ஆண்டுகள் கணக்கெழுதியவர். முதலாளியின் ஏச்சுக்கு ஒரு நாளேனும் மறுமொழி கூறாதவர். அவர் கை தட்டுவது எம்.ஜி.ஆருக்காக மட்டுமா?

இத்தகைய படங்களுக்கு எழுதாத விதிகள் சில உண்டு. நாயகன் தாயைத் தெய்வமாகப் போற்றுவான், மதுவைத் தீண்டான், எதிரியின் வாள் நழுவினால் அதனை எடுத்துக் கொடுத்த பின்னரே மீண்டும் பொருதுவான். வெற்றி உறுதி, அதனை அறத்தோடு பெறுகின்றானா என்பதே பார்ப்போர்க்கு வேண்டுவது. வழக்கு மன்றத்தில் ஆண்டுக்கணக்காக இழுபடும் நீதி, இங்கே மூன்று மணி நேரத்திற் கிடைத்துவிடுகின்றது. நீதிக்கு ஏங்கும் நெஞ்சம் இதனை நாடுவதில் வியப்பென்ன?

ஆயினும், திரை மறைக்கும் உண்மை ஒன்றுண்டு. அடிபட்டால் நோகும் என்பதே அது. நம் கண்டியில் 1917 இற் பிறந்த எம்.ஜி.ஆர். 1936 இல் ‘சதி லீலாவதி’யிற் சிறு வேடமேற்றார், ‘ராஜகுமாரி’யில் நாயகனாவதற்கு 1947 வரை காத்திருந்தார். 1959 இற் சீர்காழி நாடக மேடையில் அவர் கால் முறிந்தது. 1967 ஜனவரி 12 ஆம் நாள் நடிகர் எம். ஆர். ராதா சுட்ட குண்டு அவர் கழுத்திற் பாய்ந்தது. உயிர் தப்பினார், குரல் மாறிற்று. அதே ஆண்டு வெளிவந்த ‘காவல்காரன்’ படத்திற் குழறிய அக்குரலையும் இரசிகர்கள் ஏற்றுக்கொண்டனர். காயமே படாத நாயகனை விரும்பிய அவர்கள், காயப்பட்டு எழுந்தவனை முன்னிலும் மிகுதியாக நேசித்தனர். 1977 இல் அவரைத் தமிழகத்தின் முதலமைச்சராகவும் ஆக்கினர்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். 1987 டிசம்பரில் அவர் மறைந்தபோது, துயரந் தாங்காது தம் உயிரையே மாய்த்துக்கொண்டோரும் உளர். நமக்காகப் போரிட ஒருவன் வருவான் என்று காத்திருக்கும் பழக்கம் முற்றினால், அவன் இல்லாத உலகில் நாம் நிற்கவியலாதவர் ஆகின்றோம்.

“உன் அப்பப்பா தாம் கூறாத மறுமொழிக்காகக் கை தட்டுகின்றார், அவரோடு அமர்ந்து நீயும் ஒரு முறை பார்” என்று அம்மாணவனுக்குக் கூறினேன். அவன் சிரிக்கவில்லை; தலையசைத்துச் சென்றான்.

இளைஞர் இப்படங்களைப் பார்க்கட்டும்; கை தட்டட்டும். ஆனால், விளக்கெரிந்து வெளியே வந்தபின், நியாயத்தைக் கேட்கும் நா அவர்களுடையதாகவே இருத்தல் வேண்டும். அஞ்சியும் நொந்தும் கேட்கும் அந்த ஒரு சொல், திரையில் வீழும் பத்துப் பேரினும் பெரிது.