போன் மணியும் ஈரக்குலையும்

"ஒண்ணும் பயப்படாதக்கா. அப்பா விழுந்துட்டாரு. சீக்கிரம் கெளம்பி வா."

தம்பி சொன்னதில் என் காதில் விழுந்தது இவ்வளவுதான். காலை மணி 11. காலடிப்பேட்டை மார்க்கெட்டில் அரைக் கிலோ சுண்டைக்காய்க்குக் காசு கொடுத்துவிட்டு நின்றிருந்தேன். கடைக்கார அம்மா மீதிச் சில்லறையை நீட்டியது கண்ணுக்குத் தெரிந்தது. கை மட்டும் எழவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மே மாத வெயிலில் விரல் நுனிகள் சில்லிட்டன. வயிற்றில் புளியைக் கரைத்தது.

புளியைக் கரைத்தது என்று அலங்காரத்துக்காக எழுதவில்லை. கெட்ட சேதி கேட்டவர் உடம்பில் நடப்பதை நம் பேச்சு வழக்கு ஆச்சரியப்படும் அளவுக்குச் சரியாகப் பிடித்துவைத்திருக்கிறது. வயிறு, நாக்கு, கை கால், ஈரக்குலை, நெஞ்சு என்று எந்தெந்த உறுப்பைச் சொல்கிறோமோ அந்தந்த உறுப்பில்தான் வேலை நடக்கிறது.

காதில் விழுந்த சொல்லுக்கு மூளை பொருள் கண்டதும், பொட்டுப் பகுதிக்கு உள்ளே பாதாம் பருப்பு வடிவில் இருக்கும் அமிக்டலா விழித்துக்கொள்கிறது. அங்கிருந்து ஹைப்போதலாமஸுக்குத் தகவல் போகிறது; அது பரிவு நரம்புகளை முடுக்கிவிடுகிறது. சிறுநீரகங்களின் தலையில் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினை ரத்தத்தில் கொட்டுகின்றன. எல்லாம் சில நொடிகளில் முடிந்துவிடும். இதயம் தடதடக்கிறது, மூச்சுக்குழாய் விரிகிறது. தோலிலிருந்தும் குடலிலிருந்தும் ரத்தம் விலகித் தொடைத் தசைகளுக்கு ஓடுகிறது. விரல் சில்லிடுவது அதனால்தான்.

வயிற்றின் கதையைக் கண்ணால் பார்த்தவர் அமெரிக்காவின் ஹார்வர்டில் இருந்த வால்டர் கேனன். 1890-களின் கடைசியில், எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்ட புதிதில், பூனைக்கு எக்ஸ்ரேயில் தெரியும் பிஸ்மத் கலந்த தீனி கொடுத்து, இரைப்பை எப்படி அசைகிறது என்று எக்ஸ்ரே திரையில் பார்த்துக்கொண்டிருந்தார். பூனை மிரண்டால் போதும், அலை அலையாக நடந்துகொண்டிருந்த அசைவு சட்டென்று நின்றுபோனது. பூனை அமைதியானதும் மறுபடி தொடங்கியது. பயத்துக்கும் குடலுக்கும் என்ன தொடர்பு என்று அந்தப் பூனை போட்ட கேள்வியைத் துரத்திக்கொண்டு போய், 1915-இல் ஒரு பெரிய புத்தகமே எழுதினார். எதிர்த்து நில் அல்லது ஓடு என்று உடம்பு தயாராவதைப் பற்றி இன்று நாம் பேசுவதெல்லாம் அவர் போட்ட பாதைதான்.

ஈரக்குலைக்கு வருவோம். 'ஈரக்குலையே நடுங்கிப்போச்சு' என்பது வடசென்னையில் தினம் காதில் விழும் பேச்சு. ஈரல்குலைதான் அது. அட்ரினலின் போய்ச் சேரும் முக்கியமான இடங்களில் ஈரலும் ஒன்று. சேமித்து வைத்திருந்த கிளைக்கோஜனை உடைத்துச் சர்க்கரையாக்கி ரத்தத்தில் விடு, ஓடுவதற்கு எரிபொருள் வேண்டும் என்று ஈரலுக்கு உத்தரவு போகிறது. ஆஸ்பத்திரி வராந்தாவில் ராத்திரி முழுக்கக் காத்திருக்கும் சர்க்கரை நோயாளிக்கு, ஒன்றும் சாப்பிடாமலே சர்க்கரை ஏறிக் கிடப்பது இப்படித்தான்.

'கையும் ஓடல, காலும் ஓடல' என்பதற்கு மூளையில் விளக்கம் இருக்கிறது. திட்டம் போடுவது, வரிசைப்படுத்துவது, நம்பர் நினைவு வைப்பது எல்லாம் நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளையின் வேலை. நெருக்கடியில் நார்அட்ரினலினும் டோபமினும் அளவுக்கு மீறிப் பெருகும்போது அந்தப் பகுதியின் நரம்புப் பின்னல் தற்காலிகமாகத் தளர்ந்துபோகிறது என்று யேல் பல்கலைக்கழகத்தின் ஏமி ஆர்ன்ஸ்டன் பல ஆண்டுகளாக ஆராய்ந்து காட்டியிருக்கிறார். படித்தவர், படிக்காதவர், தைரியசாலி என்ற வித்தியாசமெல்லாம் இதில் கிடையாது. பூட்டின சாவியை எங்கே வைத்தோம் என்று தெரியாமல் வாசலில் நிற்பவரைத் திட்டக்கூடாது, தேடித்தர வேண்டும்.

இதே வடசென்னைக் கரையில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் 26, நள்ளிரவை நெருங்கும் நேரம். எண்ணூரில் கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலைக்குக் கப்பலிலிருந்து அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் தூக்கத்திலிருந்து இருமிக்கொண்டு எழுந்தார்கள். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, கிடைத்த வண்டியில் ஏறியும் நடந்தும் ஊரைவிட்டு ஓடினார்கள். 40 பேருக்கு மேல் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். ஆலை வாசலில் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 2090 மைக்ரோகிராம் அம்மோனியா இருந்ததாகத் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொன்னது. அனுமதிக்கப்பட்ட அளவு 400. அதே மாதத் தொடக்கத்தில்தான் மிக்ஜாம் புயலும், முகத்துவாரத்தில் பரவிய எண்ணெயும் அந்த மக்களைப் புரட்டிப்போட்டிருந்தன. தேதியையும் பாருங்கள்: இந்தக் கரையைச் சுனாமி அடித்ததும் 2004-இல் அதே டிசம்பர் 26.

அம்மோனியா தண்ணீரைக் கண்டால் விடாது. கண், மூக்கு, தொண்டை என்று ஈரம் உள்ள இடத்தில் கரைந்து காரமாக மாறி எரிக்கும். ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொள்ளச் சொல்வதும் அதே காரணத்தால்தான். நம் ஈரத்தில் கரைவதற்குமுன் துணியின் ஈரத்தில் கரையட்டும் என்று. நெடி மூக்கில் ஏறியதும் குப்பத்து மக்களின் அட்ரினலின் எகிறியிருக்கும். அவர்கள் ஓடினார்கள். தொடைக்கு வந்த ரத்தமும் ஈரல் கொடுத்த சர்க்கரையும் எதற்காக வந்தனவோ அதற்கே செலவாயின.

அந்த ராத்திரியில் வேறெங்கோ இருந்த உறவுகளுக்கும் போன் போனது. இரவு ஷிப்டில் இருந்தவருக்கு, வெளியூரில் கட்டிக்கொடுத்த மகளுக்கு. அவர்கள் மூக்கில் நெடி இல்லை. ஆனால் உடம்புக்கு நெடியும் ஒன்றுதான், போனில் வந்த சொல்லும் ஒன்றுதான். அதே அட்ரினலின், அதே சர்க்கரை, அதே இதயத் துடிப்பு. ஓடுவதற்கு மட்டும் இடமில்லை. ஆபத்தில் இருப்பவரைச் சுற்றிப் பத்துப் பேர் ஓடிவருகிறார்கள். சேதி கேட்டவர் ஒரு நாற்காலியில், ஒரு பஸ் சீட்டில், தன்னந்தனியாக அந்த ரசாயனத்தையெல்லாம் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவரும் நோயாளிதான் என்பது பெரும்பாலும் நமக்கு உறைப்பதில்லை.

அப்பா விழுந்த சேதி வந்த அன்று காலடிப்பேட்டையில் மெட்ரோ ஏறினேன். வண்ணாரப்பேட்டை வரை ஐந்து நிறுத்தம். அட்ரினலினுக்கு ரத்தத்தில் ஆயுள் சில நிமிடங்கள்தான். சுரப்பது நின்றால் சீக்கிரம் வடிந்துவிடும். அடுத்து வருவது கார்ட்டிசால். அது மெதுவாக ஏறி, சேதி கேட்ட 20, 30 நிமிடத்தில் உச்சிக்குப் போய், ஒரு மணி நேரத்துக்கும் மேல் இறங்க மறுக்கும். முதல் அதிர்ச்சி தணிந்தவரைப் பார்த்து 'தேறிட்டாங்க' என்று நினைக்கிறோமே, அப்போதுதான் இரண்டாவது அலை அடித்துக்கொண்டிருக்கும். இந்த நேரத்தில் அவரைத் தனியாக பைக் எடுத்துக்கொண்டு போகவிடுவது தப்பு. எண்ணூர் விரைவுச் சாலையின் கன்டெய்னர் லாரி வரிசையை நினைத்தால் எனக்கு நெஞ்சு படபடக்கிறது.

நெஞ்சு என்றதும் ஜப்பான்காரர்கள் கண்டுபிடித்ததைச் சொல்லத்தான் வேண்டும். 1990-இல் அங்குள்ள மருத்துவர்கள் ஒரு விசித்திரமான இதய நோயை விவரித்தார்கள். மாரடைப்பு போலவே நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், இசிஜி மாற்றம். ரத்தக் குழாயில் பார்த்தால் அடைப்பே இல்லை. இடது கீழறை மட்டும் அடியில் பலூன்போல் உப்பி, கழுத்து குறுகி நின்றது. அங்கே மீனவர்கள் ஆக்டோபஸ் பிடிக்கக் கடலில் இறக்கும் பானையின் அதே வடிவம். அந்தப் பானையின் பெயரையே வைத்தார்கள்: டகோட்சுபோ. சாவுச் செய்தி போன்ற பேரதிர்ச்சிக்குப் பிறகு இது வருகிறது. வருபவர்களில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள், அதிலும் பெரும்பாலும் மாதவிடாய் நின்றவர்கள். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், இவர்களின் ரத்தத்தில் அட்ரினலின் வகை ஹார்மோன்கள் மாரடைப்பு நோயாளிகளைவிடவும் பல மடங்கு கூடுதலாக இருந்தன. பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் இதயம் பழைய வடிவுக்குத் திரும்பிவிடும். நிஜ மாரடைப்பும் வரலாம். மாரடைப்பு வந்த 1985 பேரை விசாரித்து 2012-இல் வெளியான அமெரிக்க ஆய்வு, நெருங்கியவர் இறந்த முதல் 24 மணி நேரத்தில் அந்த அபாயம் வழக்கத்தைவிட 21 மடங்கு உயர்வதாகக் கணக்கிட்டது. சாதாரண நாளில் அந்த அபாயம் மிகச் சிறியது என்பதால் பீதி வேண்டாம். ஆனால் சாவு வீட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும் அம்மாவை 'அழுது அழுது இப்படி ஆயிட்டாங்க' என்று மூலையில் படுக்கவைத்துவிடக் கூடாது. உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

அப்படியானால் சேதியை எப்படித்தான் சொல்வது? தந்தி இருந்த காலத்தில் சேவகர் தெருவில் நுழைந்தாலே அழுகை தொடங்கிவிடும். பிரித்துப் படிக்கும் முன்னாலேயே. 2013 ஜூலையில் தந்தி நின்றுவிட்டது, அகால நேரத்துப் போன் மணி அந்த இடத்துக்கு வந்துவிட்டது. நம் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு முறை இருந்தது. ஆள் அனுப்புவார்கள். வந்தவர் உட்காரச் சொல்வார், தண்ணீர் கொடுக்கச் சொல்வார், பிறகுதான் வாயைத் திறப்பார். சிலருக்கு அதிர்ச்சியில் எதிர்த்திசையில் நடக்கும்: வேகஸ் நரம்பு தூண்டப்பட்டு இதயம் மெதுவாகி, ரத்த அழுத்தம் சரிந்து மயக்கம் வரும். உட்கார்ந்திருந்தால் மண்டை தப்பும். அந்த முறையில் எனக்கு உடன்பாடில்லாதது ஒன்று உண்டு. போனவரைக்கூட 'சீரியஸ்' என்று சொல்லி வரவழைப்பது. பொய்யான நம்பிக்கையோடு வழியெல்லாம் வேண்டிக்கொண்டு வந்தவருக்கு, வாசல் பந்தலைப் பார்த்ததும் விழுவது இன்னும் பெரிய அடி. கெட்ட சேதி சொல்வதற்கு மருத்துவர்களுக்கென்று 2000-இல் அமெரிக்காவில் ஆறு படிகள் வகுத்தார்கள். அதில் முதல் படி இடம் பார்த்து, உட்காரவைத்து, கூட ஆள் இருக்கச் செய்வது. உண்மையை எளிய சொற்களில், சிறுசிறு பகுதியாகச் சொல்ல வேண்டும் என்கிறது அது. பொய்க்கு அதில் இடமில்லை.

கூட ஆள் இருப்பது சடங்குக்காக அல்ல. ஜேம்ஸ் கோன் என்பவர் 2006-இல், ஷாக் அடிக்கலாம் என்று தெரிந்து படுத்திருந்த பெண்களின் மூளையை ஸ்கேன் செய்தார். கணவர் கையைப் பிடித்திருந்தபோது அபாயத்தை உணரும் பகுதிகளின் பரபரப்பு குறைந்தது. முன்பின் தெரியாதவர் கை பிடித்தாலும் ஓரளவு குறைந்தது. சுண்டைக்காய் விற்ற அந்த அம்மா கடையை அப்படியே விட்டுவிட்டு, ஸ்டேஷன் படிவரை என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். அவர் பேர்கூட எனக்குத் தெரியாது.

ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் அப்பா கட்டிலில் கண் விழித்துப் படுத்திருந்தார். காலையில் சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் வெளியே போனதில் சர்க்கரை இறங்கிவிட்டதாம். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது, விரல்கள் இன்னும் நடுங்கின. சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கும்போது அதை ஏற்றுவதற்கு உடம்பு எடுக்கும் ஆயுதங்களில் அட்ரினலினும் ஒன்று. அந்த நடுக்கம் அதனுடையது. அவர் ராயபுரத்தில் தெருவில் சரிந்து கிடந்தபோதும், நான் மார்க்கெட்டில் விறைத்து நின்றபோதும், எங்கள் இருவர் ரத்தத்திலும் ஓடியது ஒரே பொருள்.

"மயக்கம் தெளிஞ்சிடுச்சுன்னு சொன்னேனேக்கா" என்றான் தம்பி. சொல்லியிருப்பான். முதல் அடி விழுந்த பிறகு வரும் வாக்கியங்கள் காதுக்குள் போவதில்லை. தங்கச்சி மீஞ்சூரில் இருக்கிறாள், ஆறு மாதக் கர்ப்பம். அவளுக்கு இன்னும் சொல்லவில்லை. போனை நானே வாங்கினேன்.

"எங்க இருக்க?"

"வீட்லதான். ஏன்க்கா?"

"கூட யாரு இருக்கா?"

"அத்தை இருக்காங்க."

"அவங்கள கூப்ட்டுப் பக்கத்துல வச்சிக்கோ. நீ உக்காரு. அப்பா இப்ப நல்லா இருக்காரு, என் பக்கத்துலதான் படுத்திருக்காரு. காலைல சர்க்கரை எறங்கி மயங்கிட்டாரு. ஸ்டான்லில குளுக்கோஸ் ஏத்தியிருக்காங்க. கேட்டுச்சா? நல்லா இருக்காரு. இந்தா, அவர்கிட்டயே பேசு."